வலை பின்னப் போன இருவர்

1912ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்மணிகள் ரங்கூனில் வந்து இறங்கினார்கள். ஒருவர் அமெரிக்கர், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இன்னொருவர் ஆம்ஸ்டர்டாமில் மருத்துவம் பார்த்த டச்சுக்காரர். முன்னவரைவிட ஐந்து வயது மூத்தவர். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்வதற்காகவே கப்பலேறியவர்கள். ரங்கூனில் அவர்களுக்கு ஒரு செய்தி காத்திருந்தது. அந்த நகரத்தில் வரி கட்டும் பெண்கள் நகராட்சித் தேர்தலில் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவருகிறார்கள்!

அந்த அமெரிக்கர் வசித்த நியூயார்க் நகரத்தில் மேயரைத் தேர்ந்தெடுக்கப் பெண்களுக்கு அன்று ஓட்டு இல்லை. டச்சு மருத்துவரின் ஆம்ஸ்டர்டாமிலும் நகரசபைத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு இல்லை. போதிக்க வந்த இடத்தில் இப்படி ஒரு பாடம்.

அந்த அமெரிக்கர் கேரி சாப்மன் கேட். டச்சு மருத்துவர் அலெட்டா யாக்கோப்ஸ். 1911 ஜூலையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றி, ஆசியாவைக் கடந்து, 1912 இறுதியில் தத்தம் நாடு திரும்பினார்கள். உலகப் பெண்கள் வாக்குரிமை இயக்கத்தின் வரலாற்றில் இவ்வளவு நீளமான பிரச்சாரப் பயணங்கள் அதிகமில்லை.

சிரித்த வீடு, திருத்திய சட்டம்

கேரி அயோவா மாநிலத்துப் பண்ணை வீட்டில் வளர்ந்தவர். 1872இல் அமெரிக்க அதிபர் தேர்தல். அப்பா ஓட்டுப் போடக் கிளம்புகிறார். அம்மா ஏன் இன்னும் உடை மாற்றாமல் இருக்கிறார் என்று பதின்மூன்று வயது கேரி கேட்டாள். வீடே சிரித்தது. பெண்களுக்கு ஓட்டு இல்லை என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தச் சிரிப்பை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

அலெட்டாவின் கதையில் சிரித்தது ஓர் அரசாங்கம். நெதர்லாந்தில் பல்கலைக்கழகத்தில் முறைப்படி சேர்ந்து படித்த முதல் பெண் அவர். 1871இல் குரோனிங்கனில் சேர்ந்து 1879இல் மருத்துவப் பட்டத்தோடு வெளியே வந்தார். 1883இல் தேர்தல் சட்டத்தை எடுத்துப் படித்தார். இவ்வளவு வரி கட்டும் டச்சுக் குடிமக்களுக்கு ஓட்டு உண்டு என்றுதான் அதில் இருந்தது. ‘ஆண்’ என்ற சொல் எங்கும் இல்லை. வரியைக் கட்டிவந்த அலெட்டா, தன் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஆம்ஸ்டர்டாம் நகர நிர்வாகத்துக்கு எழுதினார். மறுத்தார்கள். நீதிமன்றம் போனார், உச்ச நீதிமன்றம் வரை போனார், எல்லாப் படியிலும் தோல்வி. 1887இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது ‘ஆண்’ என்ற சொல்லை மறக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். தனி ஒருத்தி கேட்ட கேள்விக்கு ஒரு நாடே சட்டத்தில் பதில் எழுதியது.

இருவரும் 1905ஆம் ஆண்டில், சில மாத இடைவெளியில், கணவரை இழந்தார்கள். துக்கத்தில் இருந்த இருவரையும் இயக்கம் இன்னும் நெருக்கமாக்கியது. மறு ஆண்டே சேர்ந்து ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசைச் சுற்றிவந்தார்கள். அரசியல் சங்கங்களில் பெண்கள் சேரக் கூடாது என்று ஆஸ்திரியச் சட்டம் சொன்னது. அங்கிருந்த பெண்கள் சங்கம் என்ற பெயரையே விட்டுவிட்டு, ‘குழு’ என்று வைத்துக்கொண்டார்கள். பெயரை மாற்றியாவது வேலையை நடத்து என்ற அந்தப் பாடம் பின்னால் பல நாடுகளில் உதவியது.

ஒரு மாத இதழும் மூன்று மொழிகளும்

நாடு கடந்து பெண்கள் கைகோத்த முதல் முயற்சி இவர்களுடையதல்ல. 1840இல் லண்டனில் நடந்த உலக அடிமை ஒழிப்பு மாநாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பெண் பிரதிநிதிகளை அவையில் பேச விடாமல், திரைக்குப் பின்னால் உட்கார்த்திவைத்தார்கள். அங்கே சந்தித்துக்கொண்ட லுக்ரீஷியா மாட்டும் எலிசபெத் கேடி ஸ்டான்டனும் எட்டு ஆண்டுகள் கழித்து செனிகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டினார்கள். அடுத்து மதுவிலக்குச் சங்கப் பெண்கள். மேரி லெவிட் என்ற அமெரிக்கர் 1884இல் கிளம்பிப் பல ஆண்டுகள் உலகம் சுற்றினார். 1885இல் அவர் நியூசிலாந்து போனதன் பயனாக அங்கே மதுவிலக்குச் சங்கம் பிறந்தது. அதிலிருந்து வந்த கேட் ஷெப்பர்டின் முயற்சியில் 1893இல் நியூசிலாந்துப் பெண்கள் ஓட்டுரிமை பெற்றார்கள்.

1888இல் உருவான சர்வதேசப் பெண்கள் கவுன்சில் எல்லாத் தரப்பையும் அணைத்துப் போக விரும்பியது. அதனால் ஓட்டு விஷயத்தில் அழுத்திப் பேசத் தயங்கியது. அந்தத் தயக்கம் பிடிக்காதவர்கள் 1902இல் வாஷிங்டனில் கூடினார்கள். 1904இல் பெர்லினில் சர்வதேசப் பெண் வாக்குரிமைக் கூட்டணியை முறைப்படி அமைத்தார்கள். எண்பத்து நான்கு வயதில் கடல் கடந்து வந்திருந்த சூசன் பி. ஆன்டனியின் கண் முன்னால் அது நடந்தது. தலைவியாகக் கேரி தேர்வானார். அந்தப் பொறுப்பில் 1923 வரை இருந்தார்.

கூட்டணி இயங்கிய விதம் எளிமையானது. ஒவ்வொரு நாட்டிலும் உள்ள வாக்குரிமைச் சங்கங்கள் சேர்ந்து ஒரு தேசிய அமைப்பாக வேண்டும். அந்த அமைப்பு கூட்டணியில் சேரலாம், மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பலாம். பேச்சு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகளில். 1906 முதல் ‘யூஸ் சஃப்ராகீ’ என்ற மாத இதழ் வந்தது. லத்தீனில் வாக்குரிமை என்று பொருள். ராட்டர்டாமில் இருந்துகொண்டு மார்டினா கிராமர்ஸ் அதை நடத்தினார். பின்லாந்தில் 1907இல் 19 பெண்கள் நாடாளுமன்றம் போனதும், ஒரு நாட்டில் மசோதா தோற்றதும், இன்னொரு நாட்டில் ஊர்வலம் போனதும் அதே பக்கங்களில் அடுத்தடுத்து வரும். ஓர் ஊரில் தோற்றவர்களுக்கு வேறோர் ஊரின் வெற்றிச் செய்தி தெம்பு தந்தது.

ஆனால் 1911 ஜூனில் ஸ்டாக்ஹோம் மாநாடு கூடியபோதும் ஆசியாவிலிருந்து ஒரு சங்கம்கூட அந்தக் கூட்டணியில் இல்லை. மாநாடு முடிந்த அடுத்த மாதமே இருவரும் கப்பலேறினார்கள்.

கேப்டவுன்: வலையின் முதல் ஓட்டை

தென்னாப்பிரிக்காவில் வேலை சுலபமாகவே தொடங்கியது. அங்கே வாக்குரிமைச் சங்கங்கள் முன்பே இருந்தன. 1911 மார்ச்சில் டர்பனில் கூடி ஒரே தேசிய அமைப்பாகவும் சேர்ந்திருந்தன. கேரி ஆங்கிலத்தில் பேசினார். டச்சு வழிவந்த போயர் குடும்பங்களிடம் அலெட்டா டச்சு மொழியில் பேசினார். இங்கிலாந்தோடு போர் முடிந்து பத்து ஆண்டுகூட ஆகாத நாட்டில், ஆங்கிலேயப் பெண்களையும் போயர் பெண்களையும் ஒரே மேடையில் ஏற்ற அந்த இரண்டு மொழிகளும் தேவைப்பட்டன.

அந்த மேடையில் கறுப்பினப் பெண்களுக்கு இடமில்லை.

கேப் மாகாணத்தில் சொத்தும் எழுத்தறிவும் உள்ள கறுப்பின ஆண்களுக்கும் அப்போது ஓட்டு இருந்தது. ஆண்களுக்குள்ள அதே நிபந்தனைகளில் பெண்களுக்கும் ஓட்டு என்று கேட்டால், கறுப்பினப் பெண்கள் சிலரும் அதில் வந்துவிடுவார்கள். வெள்ளை ஆண்கள் அதற்கு இணங்க மாட்டார்கள் என்று இயக்கத்துப் பெண்கள் பலர் கணக்குப் போட்டார்கள். எழுத்தாளர் ஆலிவ் ஷ்ரைனர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. எல்லாப் பெண்களுக்கும் என்று சொன்னதால்தான் இதில் சேர்ந்தேன் என்று சொல்லிவிட்டுச் சங்கத்தை விட்டு விலகினார். ‘பெண்ணும் உழைப்பும்’ என்ற அவருடைய நூலை டச்சில் மொழிபெயர்த்தவர் அலெட்டா. நூலை மொழிபெயர்க்க முடிந்தது. அதன் ஆசிரியரை இயக்கத்தில் தக்கவைக்க முடியவில்லை.

இதே நேரத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் இன்னொரு பெண்கள் அமைப்பு இருந்தது. டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கம். காந்தியின் செயலாளர் சோன்யா ஷ்லேசின் அதற்கு உதவிவந்தார். தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1913இல், காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து கிளம்பிய தமிழ்ப் பெண்கள் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நியூகாசில் போனார்கள். அங்கிருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள், சிறைக்கும் போனார்கள். அதே போராட்டத்தில் சிறை சென்று காய்ச்சலோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்தார். அரசை நேருக்கு நேர் எதிர்த்து நின்ற இந்தப் பெண்களுக்கும் வாக்குரிமைக் கூட்டணிக்கும் இடையே எந்தக் கயிறும் கட்டப்படவில்லை.

1930இல் தென்னாப்பிரிக்கப் பெண்களுக்கு ஓட்டு வந்தது. வெள்ளைப் பெண்களுக்கு மட்டும்.

வடக்கே, பிறகு கிழக்கே

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரமாக வடக்கே போன கப்பல் அவர்களை எகிப்தில் விட்டது. பாலஸ்தீனமும் சிரியாவும் பார்த்தார்கள். பிறகு இலங்கை, இந்தியா. போகிற இடமெல்லாம் அலெட்டா ஒரு மருத்துவரின் கண்ணோடு பார்த்தார். மருத்துவமனை, பள்ளிக்கூடம், பிரசவம் பார்க்கும் முறை, துறைமுகங்களில் அரசு உரிமம் பெற்று நடந்த விபச்சார விடுதிகள் என்று எல்லாவற்றையும் விசாரித்தார். பார்த்ததைக் கடிதங்களாக எழுதி ‘டெ டெலிகிராஃப்’ என்ற டச்சு நாளிதழுக்கு அனுப்பினார். 1913இல் அவை புத்தகமாகவும் வந்தன. கேரி நாட்குறிப்பு எழுதினார். அவற்றில் ஆச்சரியமும் உண்டு. போன ஊர்களின் மக்களைப் பற்றி முன்பே முடிவுகட்டிவைத்திருந்த எண்ணங்களும் உண்டு. கீழை நாட்டுப் பெண் என்றால் திரைக்குப் பின்னால் இருப்பவள், மேலை நாட்டவர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியவள் என்பதுதான் அன்றைக்கு ஐரோப்பிய, அமெரிக்கப் படிப்பாளிகளின் பொது எண்ணம். இருவரும் அதற்கு விலக்கல்ல.

அந்த எண்ணத்தில் விரிசல் விழுந்தது ரங்கூனில்தான். செட்டிநாட்டு வட்டிக்கடைகளும் தமிழ்க் கூலித் தொழிலாளிகளும் நிறைந்த அந்த ஊரில், சந்தை முழுவதும் பர்மியப் பெண்களின் கையில் இருந்தது. பட்டும் அரிசியும் விற்றவர்கள் அவர்கள். விலை பேசியவர்களும், கணக்கு வைத்தவர்களும் அவர்களே. மணமான பின்னும் பெண்ணின் சொத்து அவளுடையதாகவே இருந்தது. மணமுறிவு கேட்கவும் அவளுக்கு வழி இருந்தது. நகராட்சி வாக்குரிமை இதற்கெல்லாம் மேலே வந்த ஒன்று. 1920களின் தொடக்கத்தில் பர்மாவுக்குச் சட்டமன்றச் சீர்திருத்தம் வந்தபோது, ஆண்களுக்கு வைத்த அதே நிபந்தனையில் பெண்களுக்கும் ஓட்டு தரப்பட்டது.

அடுத்து சுமத்ரா. பாடாங் மேட்டுநிலத்தில் மினாங்கபாவ் மக்களின் ஊர்கள். வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகின்றன. எருமைக் கொம்பு போல் இரு முனையும் வளைந்து உயர்ந்த கூரையின் கீழ், ஒரு தாய்வழிக் குடும்பமே சேர்ந்து வாழ்கிறது. குழந்தைகள் விஷயத்தில் அப்பாவைவிடத் தாய்மாமன் சொல்லுக்கு எடை அதிகம். நாஞ்சில் நாட்டு மருமக்கள்தாயத்தைக் கேள்விப்பட்ட தமிழருக்கு இது புதிதல்ல. அயோவாவிலிருந்து வந்தவருக்கு இது தலைகீழ் உலகம். அதிலும் இவர்கள் இஸ்லாமியர்கள். இஸ்லாமியப் பெண் என்றால் இப்படித்தான் என்று கேரி நினைத்துவைத்திருந்ததெல்லாம் இங்கே உதவவில்லை. ஊர் திரும்பியதும் தாய்வழிச் சமூகத்தின் எச்சம் பற்றி ‘ஹார்ப்பர்ஸ்’ மாத இதழில் 1914இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

படேவியாவில் ஒரு மனு

டச்சு ஆட்சியில் இருந்த ஜாவாவில் அலெட்டாவுக்குச் சொந்த வீடு போல ஓர் இடம் இருந்தது. அக்கா ஷார்லோட் யாக்கோப்ஸ் படேவியாவில் மருந்துக்கடை நடத்திவந்தார். நெதர்லாந்தில் மருந்தாளுநர் தகுதி பெற்ற முதல் பெண் அவர். டச்சு வாக்குரிமைச் சங்கத்துக்குப் படேவியாவில் ஒரு கிளையும் முன்பே அமைந்திருந்தது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்கள்.

ஜாவாவின் சொந்தக் குரல் வேறு ஒரு வடிவத்தில் வெளிவந்திருந்தது. கார்த்தினி என்ற பிரபு குடும்பத்துப் பெண், பருவம் வந்ததும் வீட்டுக்குள் அடைக்கப்பட்டவர், அங்கிருந்தபடி டச்சு நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். படிக்க வேண்டும், ஜாவானியப் பெண்களைப் படிக்கவைக்க வேண்டும் என்பதே அவற்றின் ஏக்கம். 1904இல் பிரசவமான சில நாளில், இருபத்தைந்து வயதில் இறந்தார். கடிதங்கள் நூலானது 1911இல். இந்த இருவரும் பயணம் கிளம்பிய அதே ஆண்டில்.

1912 ஏப்ரலில் அலெட்டா கவர்னர் ஜெனரல் இடன்பர்க்கைச் சந்தித்தார். அவர் வைத்த கோரிக்கை ஓட்டு பற்றியது அல்ல. உள்நாட்டு மருத்துவர்களுக்குப் பயிற்சி தரும் படேவியாவின் ஸ்டோவியா மருத்துவப் பள்ளியில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பதுதான். ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கியே பெண்கள் செத்துப்போகிறார்கள் என்பதை ஆம்ஸ்டர்டாமில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்த இவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கதவு திறந்தது. அதே 1912இல் மினாஹாசாப் பகுதியைச் சேர்ந்த மேரி தாமஸ் அந்தப் பள்ளியின் முதல் மாணவியானார். இப்படிப் படிக்க வரும் பெண்களின் செலவுக்காக ஒரு நிதியும் திரட்டப்பட்டது; அதை முன்னின்று நடத்தியவர்களில் ஷார்லோட்டும் ஒருவர். 1922இல் மேரி தாமஸ் பட்டம் பெற்றார். டச்சு இந்தியத் தீவுகளின் முதல் பெண் மருத்துவர் அவர்.

பதினாறு மாதப் பயணத்தில் இருவரும் பேசிய மேடைகள் பல. அவற்றில் எதைவிடவும் உறுதியான பலன் தந்தது இந்த ஒரு மனுதான் என்று சொல்லலாம்.

மணிலாவும் கான்டனும்

பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் பிடியில் இருந்தது. அங்கேயும் வெறும் நிலம் இல்லை. கான்செப்சியான் ஃபெலிக்ஸ் 1905இல் ஒரு பெண்கள் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். இலோஇலோவில் பூரா வில்யனுவேவா 1906இல் இன்னொன்று. 1912இல் மணிலா வந்த கேரியும் அலெட்டாவும் பிலிப்பினோப் பெண்களையும் அங்கே வசித்த அமெரிக்கப் பெண்களையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். அதிலிருந்து பெண்கள் முன்னேற்றச் சங்கம் ஒன்று பிறந்தது. பின்னாளில் மணிலா பெண்கள் மன்றமானது. ஓட்டு என்றவுடன் அந்தப் பெண்கள் துள்ளி எழவில்லை. குழந்தைகள் நலம், ஏழைகளுக்கு உதவி என்று தொடங்கி, தங்கள் வேகத்தில், தங்கள் வழியில் வாக்குரிமைக்கு வந்து சேர்ந்தார்கள்.

சீனாவில் நிலைமை நேர் எதிர். அங்கே பெண்கள் இவர்களைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். 1911 அக்டோபரில் வெடித்த புரட்சியில் மன்னராட்சி விழுந்திருந்தது. புரட்சியில் பங்கெடுத்த பெண்கள், குடியரசில் சம உரிமை எங்கே என்று கேட்டார்கள். 1912 மார்ச்சில் வந்த தற்காலிக அரசியல் சட்டத்தில் அது இல்லை. டாங் சுன்யிங் தலைமையில் ஒரு கூட்டம் நான்ஜிங்கில் அவைக்குள்ளேயே புகுந்தது. ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. அதே மார்ச்சில் லண்டனில் வாக்குரிமைப் போராளி எம்மலின் பாங்க்ஹர்ஸ்டின் ஆட்கள் கடைக் கண்ணாடிகளை உடைத்திருந்தார்கள். இரண்டு நகரங்களுக்கும் நடுவே யாரும் ஆணை அனுப்பவில்லை. ஆனால் ஒருவர் செய்தியை இன்னொருவர் நாளிதழில் படிக்கும் காலம் வந்திருந்தது.

கான்டன் மாகாண அவையில் பெண் உறுப்பினர்கள் இருந்தார்கள். கேரியும் அலெட்டாவும் அதைப் பார்க்கவே போனார்கள். உலகின் மூத்த ஜனநாயகம் என்று பெருமை பேசும் நாட்டிலிருந்து வந்தவர், அந்த நாட்டின் காங்கிரஸில் ஒரு பெண்கூட இல்லாத காலத்தில், சீன அவையில் பெண்கள் உறுப்பினர்களாக அமர்ந்திருப்பதைக் கண்டார். ஷாங்காயிலும் நான்ஜிங்கிலும் பெக்கிங்கிலும் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கூட்டங்கள் நடந்தன. சீனப் பெண்கள் ஒரு சிவப்புப் பட்டுப் பதாகையைக் கொடுத்தனுப்பினார்கள். ஒரே மனத்தோடு ஒருவருக்கொருவர் உதவுவோம் என்ற பொருளில் அதில் எழுத்துகள் இருந்தன.

அதற்குள் சீனாவில் கதவு மூடத் தொடங்கியிருந்தது. 1912 ஆகஸ்டில் கட்சிகள் சேர்ந்து குவோமின்டாங் உருவானபோது, ஆண் பெண் சமத்துவம் என்ற கொள்கையைக் கைவிட்டார்கள். அந்தக் கூட்டத்திலேயே டாங் சுன்யிங் மேடையேறித் தலைவர் சுங் ஜியாவ்ரென்னைக் கன்னத்தில் அறைந்தார். கான்டன் அவையின் பெண் இடங்களும் நிலைக்கவில்லை.

ஜப்பானில் மேடையே தடை. 1900ஆம் ஆண்டின் காவல் சட்டம் ஐந்தாம் பிரிவின்படி, பெண்கள் அரசியல் கூட்டத்துக்குப் போவதே குற்றம். ஹிராட்சுகா ராய்ச்சோவும் தோழியரும் 1911 செப்டம்பரில் ‘செய்டோ’ என்ற இலக்கிய இதழைத் தொடங்கி, இலக்கியத்தின் பெயரில் பேச ஆரம்பித்திருந்தார்கள். சங்கம் கூடாது என்றால் குழு. கூட்டம் கூடாது என்றால் பத்திரிகை.

புடாபெஸ்டில் ஒரு பதாகை

கிழக்குக் கோடியில் இருவரும் பிரிந்தார்கள். அலெட்டா சைபீரிய ரயிலில் ஏறி ஐரோப்பா திரும்பினார். கேரி ஹவாய் வழியாக 1912 நவம்பரில் சான்ஃப்ரான்சிஸ்கோவில் இறங்கினார். அவர் கிளம்பியபோது அமெரிக்காவில் ஐந்து மாநிலங்களில்தான் பெண்களுக்கு முழு வாக்குரிமை இருந்தது. கிளம்பிய சில மாதங்களில் கலிஃபோர்னியா ஆறாவதாகச் சேர்ந்தது. அந்த நவம்பரில் இன்னும் மூன்று மாநிலங்கள்.

1913 ஜூனில் புடாபெஸ்டில் கூட்டணியின் மாநாடு. சீனச் சங்கம் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது. ஆசியாவிலிருந்து வந்த முதல் சங்கம். சீனப் பிரதிநிதிகள் யாரும் நேரில் வர முடியவில்லை. சிவப்புப் பட்டுப் பதாகைதான் அவர்களுக்காக அங்கே நின்றது. ஆசியாவில் பெண்களின் எழுச்சி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, அதை யாரும் ஏற்றுமதி செய்ய வேண்டியதில்லை என்கிற கருத்தைக் கேரி தலைமையுரையில் எடுத்துரைத்தார். கிளம்பும்போது அவரிடம் இருந்த எண்ணம் இதுவல்ல.

அடுத்த ஆண்டே உலகப் போர். 1915 ஏப்ரலில் அலெட்டா தி ஹேக் நகரில் பெண்களின் அமைதி மாநாட்டைக் கூட்டினார். போரிடும் நாடுகளிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். பல ஆண்டுகளாகக் கடிதமும் இதழும் வளர்த்த பழக்கம் இல்லையென்றால், பீரங்கிகள் முழங்கும்போது அத்தனை பேரைச் சில வாரங்களில் ஒரே கூடத்தில் சேர்த்திருக்க முடியாது. கேரி அதற்குப் போகவில்லை. சொந்த நாட்டு வாக்குரிமையைப் போர் கெடுத்துவிடக் கூடாது என்று அவர் கவனமாக இருந்தார். 1920இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் பத்தொன்பதாவது திருத்தம் வந்தது. நெதர்லாந்தில் 1919இல் சட்டம் நிறைவேறியது. 1883இல் பெயர் சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதிய அலெட்டா, பொதுத் தேர்தலில் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்ட 1922இல், அறுபத்தெட்டு வயதுக் கிழவி.

துறைமுகங்களுக்குத் திரும்பினால்

அந்தக் கப்பல் நின்ற ஊர்களுக்குப் பின்னாளில் திரும்பிப் போயிருந்தால் என்ன பார்த்திருக்கலாம்?

கெய்ரோவில் ஹுதா ஷராவி. 1923இல் ரோமில் நடந்த கூட்டணி மாநாட்டுக்குப் போய்த் திரும்பியவர், ரயில் நிலையத்தில் முகத்திரையை விலக்கினார். மணிலாவில் 1937 ஏப்ரல் 30 அன்று பெண்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை வர வேண்டுமானால் மூன்று லட்சம் பெண்களாவது ஆம் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை. ஆம் சொன்னவர்கள் 4,47,725 பேர். டோக்கியோவில் 1946 தேர்தலில் 39 பெண்கள் வென்றார்கள்.

சென்னையில் 1917இல் அடையாற்றில் தொடங்கிய இந்தியப் பெண்கள் சங்கம் இந்த வலையோடு சேர்ந்துகொண்டது. 1921இல் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது. 1926இல் முத்துலட்சுமி ரெட்டி பாரிஸில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டுக்குப் போனார். திரும்பியவருக்காகச் சென்னைச் சட்டமன்றம் காத்திருந்தது.

இலங்கை அந்தப் பயணத்தில் ஒரு சிறு நிறுத்தம்தான். அங்கே 1927 டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் பிறந்தது. கனடாவிலிருந்து வந்து யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்த டாக்டர் மேரி ரட்னமும் அதில் இருந்தார். அரசியல் சட்டச் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சி சொல்லப் போன சங்கச் செயலாளர் ஆக்னஸ் டி சில்வாவிடம், தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் ஓட்டு வேண்டுமா என்று கேட்டார்கள். கேப்டவுனில் கேட்கப்பட்ட அதே கேள்வி, வேறு தோலில். அவர்களும் பெண்கள்தானே, கட்டாயம் வேண்டும் என்றார் ஆக்னஸ். பெண்களுக்கு முப்பது வயதுக்கு மேல் ஓட்டு என்றுதான் ஆணைக்குழு பரிந்துரைத்தது. கடைசியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே இருபத்தொரு வயது என்றானது. 1931 தேர்தலில் இலங்கைப் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். பிரெஞ்சுப் பெண்களுக்கு அந்த உரிமை வந்தது 1944இல். 1932 இடைத்தேர்தலில் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குப் போனார். கொழுந்து பறிக்கும் பெண்களில் பலரும் அந்த ஆண்டுகளில் வாக்குச்சாவடிக்கு நடந்தார்கள்.

சுதந்திரம் வந்த 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம். மறு ஆண்டில் தேர்தல் சட்டத் திருத்தம். 1952 பொதுத் தேர்தல் நடந்தபோது, தோட்டத்து லயங்களில் இருந்த அந்தப் பெண்களில் பெரும்பாலோரின் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லை.